ஒரு படுக்கைக்காக எழுதிய கடிதங்கள்: டென்வர் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு மதிப்புரை

அமெரிக்காவில், டென்வர் பல்கலைக்கழக நூலகத்தில் பெக் ஆவணக் காப்பகம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. ராக்கி மலைப் பகுதி யூதர்களின் வரலாற்றுக் காகிதங்களைச் சேர்த்து வைத்திருக்கும் இடம். யூதக் காசநோயாளர் நிவாரணச் சங்கம் (ஜே.சி.ஆர்.எஸ்.) அந்த ஊரில் நடத்திய பழைய காசநோய் சானடோரியத்தின் நோயாளிக் கோப்புகளை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். விண்ணப்பம், டாக்டரின் பரிசோதனைக் குறிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கடிதங்கள். வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், காசு கேட்பதில்லை. எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். யாருக்குப் பிடிக்கும், யாருக்கு அலுக்கும் என்று சொல்லத்தான் இந்த மதிப்புரை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் என் பாராட்டை எந்த அளவுக்கு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியும். அரசு காசநோய்ப் பிரிவில் ஹெல்த் விசிட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சளி டப்பா, சிகிச்சைக் கார்டு, எடை மெஷின், மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டு வீடு மாறிப்போன ஆளைத் தேடித் தெருத்தெருவாக விசாரிப்பது, இப்படியே சர்வீஸ் ஓடியது. அதனால் காசநோய் பற்றிய பழைய காகிதம் எது கண்ணில் பட்டாலும் விடமாட்டேன். சென்னைக்காரர்களுக்கு சானடோரியம் என்றால் தாம்பரத்துக்குப் பக்கத்தில் மின்சார ரயில் நிற்கும் இடம். அந்தப் பெயர் 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய ஆஸ்பத்திரியால் வந்தது என்று சொன்னால் ஆச்சரியப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

டென்வருக்கு வருவோம். எந்த சானடோரியம் என்று முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஊரில் யூதர்கள் நடத்திய பெரிய தர்ம சானடோரியங்கள் இரண்டு. கோப்புக்குள் இறங்குவதற்கு முன் இந்தக் கதை தெரியாவிட்டால் பாதிக் கடிதங்கள் புரியாது.

கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம், வறண்ட காற்று, நல்ல வெயில். மருந்து இல்லாத அந்தக் காலத்தில் நுரையீரல் நோயாளிகளை டென்வருக்குப் போகச் சொல்வது டாக்டர்களின் வழக்கம். வசதியானவர்கள் வாடகை வீடு எடுத்துத் தங்கினார்கள். கையில் ரயில் டிக்கெட் மட்டுமே வைத்திருந்தவர்கள் தெருவில் விழுந்தார்கள். பிரான்சஸ் ஜேக்கப்ஸ் என்ற அம்மையார் இவர்களுக்காக ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று போராடினார். 1892இல் அடிக்கல் நாட்டினார்கள், அதே வருடம் அவர் இறந்தார். கட்டடம் எழுந்தது. ஆனால் 1893இல் வந்த பொருளாதாரச் சரிவில் பணம் நின்றுபோய், கட்டி முடித்த ஆஸ்பத்திரி நோயாளி இல்லாமல் பூட்டிக் கிடந்தது. 1899 டிசம்பரில்தான் திறந்தார்கள். அதுதான் நேஷனல் ஜூயிஷ். இன்றைக்கும் சுவாச நோய்களுக்குப் பேர்போன ஆஸ்பத்திரி.

பணம் கட்ட முடிகிறவர் உள்ளே வரக்கூடாது, உள்ளே வந்தவர் பணம் கட்டக்கூடாது என்பது அதன் கொள்கை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நோய் ஆரம்பநிலையில் இருப்பவர்களை மட்டும்தான் சேர்ப்பார்கள், அதிகபட்சம் ஆறு மாதம், அப்புறம் கிளம்ப வேண்டும். நோய் முற்றிய தையல்காரருக்கு அங்கே இடமில்லை. சமையலறையும் யூத ஆசாரப்படியான கோஷர் முறையில் இல்லை. நிர்வாகம் செய்தவர்கள் ஏற்கெனவே அமெரிக்காவில் காலூன்றிவிட்ட ஜெர்மன் வழி யூதர்கள். நோயாளிகளில் பெரும்பாலோர் ரஷ்யப் பக்கத்திலிருந்து சமீபத்தில் வந்த ஏழைகள். உரசல் வராமல் இருக்குமா?

அந்த ஏழைகளே கூடி ஆரம்பித்ததுதான் யூதக் காசநோயாளர் நிவாரணச் சங்கம், சுருக்கமாக ஜே.சி.ஆர்.எஸ். சங்கத்தைத் தொடங்கியவர்களில் பலருக்கே நோய் இருந்தது. 1904 செப்டம்பரில், டென்வருக்கு மேற்கே கோல்ஃபாக்ஸ் சாலையில் கூடாரம் போட்டு விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளோடு திறந்தார்கள். நோய் எந்த நிலையில் இருந்தாலும் சேர்ப்போம், ஒரு பைசா வாங்க மாட்டோம், கோஷர் சாப்பாடு போடுவோம் என்றார்கள். முற்றியவர்களையும் சேர்த்தால் நாட்டிலுள்ள அத்தனை காசநோயாளியும் டென்வரில் வந்து குவிவார்கள் என்று மற்ற தரப்பு எதிர்த்தது. நான் படித்தது இந்த ஜே.சி.ஆர்.எஸ். கோப்புகளைத்தான்.

கோப்பின் முதல் பக்கம் பெரும்பாலும் சேர்க்கை விண்ணப்பம். வயது, பிறந்த நாடு, அமெரிக்கா வந்து எத்தனை வருடம், தொழில், கல்யாணம் ஆனவரா, குழந்தைகள் எத்தனை, யார் அனுப்பிவைத்தார்கள். தொழில் என்ற இடத்தில் தையல், இஸ்திரி, சுருட்டு சுற்றுதல், தலைச்சுமை வியாபாரம் என்று மாறிமாறி வரும். சன்னல் திறக்காத அறையில் குனிந்து உட்கார்ந்து செய்யும் வேலைகளே அதிகம். நோய்க்கு மூன்று நிலை: ஆரம்பம், நடுத்தரம், முற்றியது. வெளியே போகும்போதும் ஒரு வகைப்பாடு உண்டு: குணமானதாகத் தோன்றுகிறது, நோய் கட்டுக்குள் நிற்கிறது, தேறியிருக்கிறார், தேறவில்லை, இறந்தார். நாங்கள் கார்டில் எழுதிய "சிகிச்சை முடிந்தது", "விட்டுப்போனார்", "இறந்தார்" எல்லாம் இந்த வழியில் வந்த வார்த்தைகள்தான். "தோன்றுகிறது" என்று ஒரு சொல்லைப் போட்டு வைத்தார்களே, அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. குணமாகிவிட்டது என்று அடித்துச் சொல்ல அன்றைக்கு யாரிடமும் கருவி கிடையாது.

கடிதங்கள் இதற்குப் பின்னால் அடுக்கியிருக்கும். இங்கேதான் இந்தக் காப்பகத்தின் பெரிய பலம் இருக்கிறது. வந்த கடிதம் மட்டுமல்ல, போன பதிலின் நகலும் இருக்கிறது. தட்டச்சு செய்யும்போது அடியில் கார்பன் வைத்து எடுத்த நகல்; எழுத்து விளிம்பு மங்கி, காகிதம் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்து, பின்பக்கத்து மை இந்தப் பக்கம் தெரியும். நம் வீடுகளில் பழைய கடிதக் கட்டைப் பிரித்தால் வந்தது மட்டும்தான் இருக்கும், என்ன பதில் போட்டோம் என்று யாருக்கும் தெரியாது. இங்கே இரண்டு பக்கமும் பேசுகிறது.

வழக்கமான வரிசை இப்படிப் போகும். நியூயார்க் மாதிரி ஒரு பெரிய ஊரின் தர்ம சங்கம் எழுதுகிறது: எங்களிடம் ஓர் ஆள் இருக்கிறார், படுக்கை கிடைக்குமா? பதில் போகிறது: இப்போது இடமில்லை, பெயரை வரிசையில் வைத்திருக்கிறோம், நாங்கள் சொல்வதற்கு முன் அனுப்பிவிடாதீர்கள். இந்தக் கடைசி வாக்கியம் அலுக்கும்வரை வருகிறது. ஏன் என்று அடுத்த காகிதத்திலேயே தெரிந்துவிடும். ஆள் ஏற்கெனவே ரயிலேறிவிட்டார். போக மட்டும் டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்து ஏற்றிவிட்டார்கள். வந்து நின்ற ஆளைத் திருப்பி அனுப்பவும் முடியாது, படுக்க வைக்கவும் இடமில்லை. அப்புறம் அந்த சங்கத்துக்குக் கொஞ்சம் சூடான கடிதம் ஒன்று போகும். சூடு என்றாலும் வரம்பு மீறாத சூடு, ஏனென்றால் அந்த ஊரிலிருந்துதான் நன்கொடையும் வரவேண்டும்.

நன்கொடை விஷயம் இந்தக் கடிதங்களின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெரிய பணக்காரர்கள் ஒன்றிரண்டு பேர் கொடுத்து நடந்த நிறுவனமல்ல இது. நாடு முழுக்க ஏழைகள் கொடுத்த சில்லறை சேர்ந்து ஓடியது. அதன் இன்னொரு பக்கமும் கடிதத்தில் தெரிகிறது: எங்கள் ஊர் கமிட்டி வருஷாவருஷம் வசூல் செய்து அனுப்புகிறதே, எங்கள் ஊர் ஆளுக்கு இடமில்லையா? சிபாரிசுக் கடிதம் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான். இதற்கெல்லாம் மழுப்பாமல், அதே நேரம் கதவையும் சாத்தாமல் பதில் எழுதுவது ஒரு கலை.

அந்தக் கலை கைவந்தவர் செயலாளர் டாக்டர் சார்லஸ் ஸ்பிவாக். உக்ரைனில் கிரெமென்சுக் ஊர்க்காரர். இளமையில் ரஷ்யப் புரட்சிக்காரர்கள் பக்கம் சாய்ந்து, அங்கே இருக்க முடியாமல் 1882இல் அமெரிக்கா வந்து, கூலி வேலை பார்த்து, அப்புறம் பிலடெல்பியாவில் டாக்டருக்குப் படித்தவர். மனைவியின் உடல்நிலைக்காக 1896இல் டென்வரில் குடியேறினார். 1904இலிருந்து 1927இல் சாகும்வரை சானடோரியத்தின் கடிதப் போக்குவரத்து அவர் மேசை வழியாகத்தான் போனது. பிற்பாடு அந்த வளாகத்துத் தபால் நிலையத்துக்கே ஸ்பிவாக் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இவரோடு சேர்ந்து, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான யித்திஷுக்கு அகராதி தயாரித்த கவிஞர் யெஹோவாஷ், காசநோய்க்காக டென்வர் வந்து தங்கியவர். ஸ்பிவாக்கின் உயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தன் உடலை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் அறுத்துப் படிக்கக் கொடுத்துவிட்டு, எலும்புகளைக் கோத்து ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பச் சொல்லி எழுதிவைத்திருந்தார். செத்த பிறகும் ஆபீஸ் வேலையை விடாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

குடும்பத்தார் எழுதும் கடிதங்களில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். மனைவி கேட்பது: அவர் எப்போது வருவார், வாடகை பாக்கி நிற்கிறது, குழந்தைக்குக் காய்ச்சல், உண்மையைச் சொல்லுங்கள், அவர் எனக்கு நன்றாக இருப்பதாக எழுதுகிறார், நம்பலாமா? ஆபீஸ் சொல்லும் பதில்: பசி நன்றாக எடுக்கிறது, எடை கூடியிருக்கிறது, இன்னும் சில மாதம் இருந்தால் நல்லது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு நாடே அகலமாகக் கிடக்கிறது. ஆனால் எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் பேசியிருக்கிறேன். "இந்த மாசம் ஒண்ணரை கிலோ ஏறியிருக்காரும்மா" என்று சொன்னால் எதிரே நிற்கிற பெண்ணின் முகம் கொஞ்சம் தெளியும். வேறு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாத நோயில் எடை ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிற செய்தி.

அந்த எடை ஏறிய விதம் பற்றியும் ஒரு வார்த்தை. அன்றைய சிகிச்சை என்பது ஓய்வு, திறந்தவெளிக் காற்று, சாப்பாடு. பச்சை முட்டை, டம்ளர் டம்ளராகப் பால், இறைச்சி. பனி பெய்தாலும் துணிச்சுவர்க் கூடாரத்தில் அல்லது திறந்த தாழ்வாரத்தில் போர்வைக்குள் படுத்திருக்க வேண்டும். பாலையும் இறைச்சியையும் சேர்க்கக்கூடாது என்பது கோஷர் விதி. தனித்தனிப் பாத்திரம், தனித்தனி வேளை. இரண்டையும் அள்ளி அள்ளிக் கொடுத்தாக வேண்டிய நோயாளிகளுக்கு இந்த விதியோடு ஒரு சமையலறையை நடத்துவது எப்பேர்ப்பட்ட தலைவலி என்று யோசித்துப் பாருங்கள். அதையும் மீறி நடத்தினார்கள், ஏனென்றால் ஆசாரமான ஒருவர் தட்டைத் தள்ளிவிட்டால் அங்கே சிகிச்சையே இல்லை.

வெளியே போன பிறகு வரும் கடிதங்கள்தான் மனதை அழுத்துபவை. டாக்டர் "லேசான வேலை, வெளிக்காற்றில்" என்று சொல்லி அனுப்பியிருப்பார். தையல் மட்டும் தெரிந்தவருக்கு வெளிக்காற்றில் என்ன வேலை இருக்கிறது? பழைய பட்டறைக்கே திரும்புவார். கொஞ்ச நாளில் இருமல், ரத்தம், மறுபடி விண்ணப்பம். புரோட்டா மாஸ்டர் ஒருவரிடம் புகையில் நிற்காதீர்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். அவரும் தலையாட்டினார், பாவம். மறுசேர்க்கை கேட்கும் கடிதங்களைப் படித்தபோது அந்தத் தலையாட்டல்தான் ஞாபகம் வந்தது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். இவை காப்பகத்தின் குறை என்பதைவிட அந்தக் காகிதங்களின் இயல்பு என்று சொல்வதே நியாயம்.

முதலாவது மொழி. கடிதங்களில் கணிசமானவை யித்திஷில், ஹீப்ரு எழுத்தில், வலமிருந்து இடமாக, கையெழுத்தில். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆங்கிலத்தில் போன பதிலை வைத்துத்தான் கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஏழைகள் எழுதியதுதான் யித்திஷ், சங்கங்கள் எழுதியது ஆங்கிலம். ஆகவே ஆங்கிலம் மட்டும் தெரிந்த வாசகருக்கு அதிகாரிகளின் குரல் உரக்கவும் நோயாளியின் குரல் சன்னமாகவும் கேட்கும். இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

இரண்டாவது, இது ஆபீஸ் கோப்பு. ஆபீஸுக்கு வராத எதுவும் இதில் இல்லை. நோயாளி தன் மனைவிக்கு எழுதிய கடிதம் மனைவியிடம் போய்விட்டது. சமையல்காரர், துணி வெளுத்தவர், ராத்திரி முழித்திருந்த நர்ஸ் யாரும் கடிதம் எழுதவில்லை, யாரும் அவர்களுக்கு எழுதவுமில்லை. நன்றாகத் தேறி ஊர்போய்ச் சேர்ந்து சௌக்கியமாக இருந்தவரும் காணாமல் போய்விடுகிறார், சௌக்கியமாக இருப்பவர் ஆபீஸுக்கு எதற்கு எழுதப்போகிறார்? அதனால் தொடர்ந்து படித்தால் எல்லோருமே திரும்பி வந்தார்கள், எல்லோருமே கெஞ்சினார்கள் என்று ஒரு எண்ணம் வந்துவிடும். அது முழு உண்மையாக இருக்க முடியாது.

பெயர் வைத்துத் தேடுகிறவர்கள் பொறுமையோடு போங்கள். கப்பலிலிருந்து இறங்கியவர்களின் பெயரை ஆளாளுக்கு ஒரு எழுத்துக்கூட்டலில் எழுதியிருக்கிறார்கள். ஒரே கோப்புக்குள்ளேயே ஒரு பெயர் இரண்டு மூன்று விதமாக வரும். நம் முனுசாமி ஒருவரை வாக்காளர் பட்டியலில் தேடிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல.

இன்னொரு உறுத்தல் உண்டு. இவர்கள் தங்கள் பிழைப்பை, கடனை, வியாதியை ஒரு செயலாளரிடம் அந்தரங்கமாகச் சொன்னவர்கள். நூறு வருடம் கழித்து எங்கோ ஓர் ஊரில் ஒருத்தி சாயங்காலக் காப்பியோடு படிப்பாள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். சர்வீஸில் இருந்தபோது ஒரு நோயாளியின் கார்டைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டாலே பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும் என்ற பயத்தில் வேலை பார்த்தவள் நான். அதே சமயம், தாத்தா எங்கே எப்படி இறந்தார் என்று தெரியாமல் தேடும் பேரன் பேத்திகளுக்கு இந்தக் கோப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பதும் புரிகிறது. வைத்தது சரி என்றுதான் முடிவுக்கு வந்தேன், ஆனாலும் இங்கே யார் பெயரையும் எழுதப்போவதில்லை.

இந்த முழு உலகமும் எப்படி முடிந்தது என்பதில் நம் ஊருக்கும் பங்கு இருக்கிறது. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்தார்கள், அடுத்து மாத்திரைகள் வந்தன. 1954இல் ஜே.சி.ஆர்.எஸ். புற்றுநோய் மையமாக மாறியது. மருந்து வந்த பிறகும் படுக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி மிச்சம் இருந்தது. அதற்குப் பதில் கிடைத்தது சேத்துப்பட்டில் இருக்கும் நம் காசநோய் ஆராய்ச்சி மையத்தில். வீட்டிலிருந்தே ஒரு வருடம் மருந்து சாப்பிட்ட ஏழை நோயாளிகள், நெரிசலான வீட்டில், குறைந்த சாப்பாட்டில் இருந்தும், சானடோரியத்தில் படுத்திருந்தவர்களுக்கு ஏறக்குறைய சமமாகக் குணமானார்கள் என்று 1959இல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு படுக்கை கேட்டுக் கடிதம் எழுத வேண்டிய தேவை உலகம் முழுக்கக் குறைந்தது. என்னைப் போன்றவர்களின் வேலை பிறந்ததும் அப்படித்தான்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண்ணைக் குறைத்தது அந்த யித்திஷ் கடிதங்களுக்காக, அது என் பக்கத்துக் குறையும்கூட. காசநோய்த் துறையில் வேலை பார்க்கிறவர்கள், தர்ம ஸ்தாபனம் நடத்துகிறவர்கள், குறிப்பாக ஆபீஸில் உட்கார்ந்து "இடமில்லை" என்று பதில் எழுதுகிறவர்கள் கட்டாயம் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். கதை மாதிரி விறுவிறுப்பை எதிர்பார்க்கிறவர்களுக்கு அலுக்கும். போகிறவர்கள் ஏதாவது ஒரு கோப்பை எடுத்து, தேதி வரிசையில் முதலிலிருந்து கடைசிவரை படியுங்கள். நடுவில் தாவினால் ஒன்றும் பிடிபடாது. கார்பன் நகல்களை போனில் படிக்க முயலாதீர்கள். பெரிய திரையில் வெளிச்சத்தைக் கூட்டி வைத்துக்கொண்டால்தான் அந்த மங்கிய மை கண்ணுக்குத் தட்டுப்படும்.